பழைய வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விடுதல்: சென்னையில் வீடு வாங்கும் முதலீட்டாளருக்கு முழுமையான வழிகாட்டி

நங்கநல்லூர், மடிப்பாக்கம், அம்பத்தூர், மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் 1990-களில் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்களில், லிஃப்ட் இல்லாத, 800 சதுர அடிக்கு உட்பட்ட இரண்டு படுக்கையறை வீடுகள் எப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கும். புதுக் கட்டடத்தின் விலையோடு ஒப்பிட்டால் அவை மலிவாகத் தெரிவதால், ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. அந்த எண்ணத்தை, வீடு வாங்குவதற்கு முந்தைய சோதனையிலிருந்து முதல் வாடகைதாரர் சாவியைத் திருப்பித் தரும் நாள்வரை படிப்படியாக எப்படிச் செயல்படுத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன். அடுக்கக வீட்டையே முதன்மையாக வைத்துப் பேசினாலும், இதன் பெரும்பகுதி தனி வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் கணக்கு

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 55 லட்சம். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து ஏறக்குறைய 5 லட்சம். தரகு, வழக்கறிஞர் கட்டணம், பெயர் மாற்றச் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். ஆகவே ஒரு செங்கல்லைத் தொடும் முன்பே 61 லட்சம் போய்விட்டது. இருக்கிற நிலையிலேயே விட்டால் 14,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று கழித்து, சொத்து வரிக்கும் பழுதுக்கும் 30,000 ஒதுக்கினால், கையில் நிற்பது 1,24,000; அதாவது போட்ட பணத்தில் 2 சதவீதம். 5 லட்சம் செலவழித்துப் புதுப்பித்து 18,000 வாடகை வாங்கினால் இது 1,68,000 ஆகும். 66 லட்சத்துக்கு அது இரண்டரை சதவீதம். வங்கி வைப்புநிதி இதைவிட அதிகம் தரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த முதலீட்டில் இறங்குகிறோம். வாடகை அதற்கு ஒத்தாசை மட்டுமே.

ஆனால் புதுப்பித்தலுக்குப் போட்ட 5 லட்சத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மாதம் 4,000 கூடுதலாக, 11 மாதத்துக்கு 44,000 வருகிறது; அது 8.8 சதவீதம். அதே வீட்டில் 10 லட்சம் செலவழித்தால் வாடகை 23,000-க்கு ஏறிவிடாது. அந்தத் தெருவில் அந்த அளவு வீட்டுக்கு யாரும் 19,000-க்கு மேல் தர மாட்டார்கள். இரண்டாவது 5 லட்சம் ஈட்டித் தருவது ஆண்டுக்கு வெறும் 11,000 ரூபாய். அத்தோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செலவழித்த வேலை பத்தே ஆண்டில் தேய்ந்துபோனால், 8.8 சதவீதம் என்று கண்ட வருமானம் முதலைக்கூடத் திருப்பித் தராது. எனவே வாடகை வீட்டில் எந்த வேலைக்குப் பணம் போடலாம் என்பதை அது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். சுவருக்குள் போகும் குழாயும் கம்பியும், தரைக்கடியில் போகும் நீர்க்காப்பும் (வாட்டர்ப்ரூஃபிங்) இருபது ஆண்டு நிற்கும். ஃபால்ஸ் சீலிங்கும் சுவரில் ஒட்டும் வண்ணக் காகிதமும் இரண்டாவது வாடகைதாரர் வருவதற்குள் பல்லிளித்துவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றுவரையான கிரையப் பத்திரங்களின் தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி வரைபடம், கடைசி அரையாண்டுவரை கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர் வாரிய வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்துரை வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள்; விற்பவர் தரும் நகலை நம்பி இருக்க வேண்டியதில்லை. அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும், பதிவாகாத உயிலையோ வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ காட்டாது என்பதால், விற்பவருக்கு அந்த வீடு எந்த வழியில் வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பழைய அடுக்ககத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு, எத்தனை சதுர அடி என்பதே உண்மையான சொத்து. முப்பது வயதான கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு எப்போது வேண்டுமானாலும் எழலாம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்கு வழி இருக்கிறது. ஆகவே சங்கச் செயலாளரைச் சந்தித்து அப்படி ஏதேனும் பேச்சு நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கிறதென்றால், நிலப் பங்கு நன்றாக இருக்கும் பட்சத்தில் அது நல்ல செய்திதான். ஆனால் புதிய சமையலறைக்கும் தரைக்கும் பணம் போடுவதை அப்போது நிறுத்திவிட வேண்டும். வண்ணம் அடித்து விட்டாலே போதும்.

வீட்டைச் சோதிக்கும் முறை

முடிந்தால் வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் நனைந்த வீடு எதையும் மறைக்காது. கோடையில் பார்க்க நேர்ந்தால், புதிதாக வண்ணம் அடித்த வீட்டை, அதிலும் ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்த வீட்டை, சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டுக்காரரையும் மூலையில் இஸ்திரி போடுபவரையும் கேளுங்கள். விற்பவரும் தரகரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். 2019 கோடையில் ஆழ்குழாய் வற்றியதா, எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வரவேற்பறையைப் பார்த்து நேரம் கழிக்காமல் நேராகக் கழிவறைக்குப் போங்கள். கழிவறைச் சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறைப் பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை கையை வைத்துத் தடவிப் பார்த்தால், ஓதம் ஏறிய சுவர் குளிர்ச்சியாகவும், பூச்சு பொரிந்து மாவு மாவாகவும் இருக்கும். அலமாரியையோ கட்டிலையோ அங்கே நெருக்கிப் போட்டிருந்தால் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். அடுத்து கூரை. ஒரு சிறு சுத்தியலாலோ கெட்டியான குச்சியாலோ கூரையின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல கான்கிரீட் 'டங்' என்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிய இடம் 'பொத்' என்று கேட்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் இந்தத் துரு விரைவாக வரும். பால்கனியின் அடிப்பக்கமும் சன்னல் மேல் சன்ஷேடும்தான் முதலில் பெயரும். இரண்டு மூன்று இடங்களில் காரை பெயர்ந்திருந்தால், அதை உடைத்தெடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் பூசிச் சரிசெய்யலாம். உத்தரத்திலோ தூணிலோ நீளவாக்கில் விரிசல் ஓடினால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். ஃப்ளஷ் செய்துவிட்டுத் தரைத் துவாரத்தில் குமிழி வருகிறதா, நீர் மேலேறுகிறதா என்று கவனியுங்கள். மின் பலகையைத் திறந்து பார்த்தால், பீங்கான் ஃப்யூஸ்கள் இன்னும் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

தண்ணீர் போகும் இடங்கள்

நான் வாங்கிய முதல் வீட்டில் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் மாடியில் இருந்த அந்த வீட்டின் கழிவறைத் தரையைப் பெயர்க்காமல், பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், இரண்டு நாளில் வேலை முடியும் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. வாடகைதாரர் குடிவந்த நான்காம் மாதம், கீழ்வீட்டுப் பெரியவர் என்னை அழைத்து, தம்முடைய பூஜை அலமாரிக்கு மேலே கூரையில் படர்ந்திருந்த மஞ்சள் கறையைக் காட்டினார். புது டைல்ஸ், அதற்கடியில் பழைய டைல்ஸ், அதற்கடியில் குழித்தளத்தை (குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட கழிவறைத் தளத்தை) நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி என எல்லாவற்றையும் உடைத்தெடுத்தபோது, அந்த ஜல்லி முழுவதும் ஊறிச் சேறாக இருந்தது. கசிவு பழையது; நான் அதை மூடி மட்டும் வைத்திருந்தேன். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்ததோடு, ஒரு மாத வாடகையையும் விட்டுக்கொடுத்தேன்.

எனவே பழைய கழிவறையை எடுத்தால் தளம்வரை எடுங்கள். குழித்தளத்தைச் சுத்தம் செய்து, குழாய்கள் தளத்தையும் சுவரையும் துளைத்து வெளியேறும் இடங்களைச் சுருங்காத சாந்தால் அடைத்து, தரையும் சுவரும் சேரும் மூலைகளை உருட்டிப் பூச வேண்டும். கசிவு தொடங்குவது பெரும்பாலும் இந்த மூலைகளிலும் குழாயைச் சுற்றியும்தான். பிறகு நீர்க்காப்புப் பூச்சை இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்து, சுவரில் ஓர் அடி உயரமும், குளிக்கும் பக்கத்துச் சுவரில் ஆறடி உயரமும் ஏற்ற வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகால் துவாரத்தை அடைத்து, நாலு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ மறுபடி பூச வேண்டும். டைல்ஸ் போடுபவர் அவசரப்படுத்துவார். அந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் பதிக்கும்போது தரையின் வாட்டம் வடிகாலை நோக்கி இருக்கிறதா என்பதை, கலவை காய்வதற்கு முன்பே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸும், கதவுக்கு மரத்துக்குப் பதில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, நீரில் உப்பாத டபிள்யூ.பி.சி. பலகையும் போடுங்கள்.

கடைசி மாடி வீடென்றால் மொட்டை மாடியும் உங்கள் கவலைதான், அது பொது இடமாக இருந்தாலும். பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டை ஓடு பதித்த தளம், சரியாகப் போட்டிருந்தால், இன்றைய பல பூச்சுகளைவிட நன்றாகவே உழைக்கும். அதில் பழுது பெரும்பாலும் ஓடுகளின் இணைப்பிலும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடத்திலும், மழைநீர்க் குழாயின் வாயிலும்தான் இருக்கும். இணைப்புகளைச் சுரண்டி மறுபடி அடைத்து, மேலே வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடித்தால் ஒழுக்கும் குறையும், வெக்கையும் குறையும். இந்த வேலையை மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் ஆள் தேடினால் ஆளும் கிடைக்காது, தளமும் காயாது. செலவைச் சங்கத்தின் மூலம் பகிர்ந்துகொள்ளக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். ஆனால் அவர்கள் கூடி முடிவெடுக்கும்வரை காத்திருப்பதா, நாமே செய்துவிட்டுப் பிறகு கேட்பதா என்றால் நான் இரண்டாவதையே செய்வேன்.

குழாயும் கம்பியும்

1990-களின் வீடுகளில் சுவருக்குள் இரும்புக் குழாய் ஓடும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகவோ செந்நிறமாகவோ இருப்பதால், அந்தக் குழாயின் உட்புறம் துருவும் உப்பும் படிந்து பென்சில் அளவு துவாரமே மிஞ்சியிருக்கும். அதை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றிவிட வேண்டும். சுவருக்குள் சி.பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் குழாய், ஒவ்வொரு கழிவறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி அடைப்பு வால்வு, ஒவ்வொரு குழாய்க்கும் ஆங்கிள் வால்வு என்று அமைத்தால், ஒரு குழாய் கெடும்போது வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியிராது. சுவரை மூடும் முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். குழாய் போகும் வழியை அளவுகோலோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும் வாடகைதாரருக்கு அந்தப் படத்தை அனுப்பலாம். உப்புத் தண்ணீரில் மலிவான குழாய்முனைகள் ஓராண்டில் உதிர்ந்துவிடும் என்பதால், முழுப் பித்தளையில் செய்த சாதாரண வடிவக் குழாயே போதும்.

மின் கம்பியைப் பொறுத்தவரை இருபத்தைந்து ஆண்டு கடந்த வீட்டில் பழையதை நம்பக் கூடாது. விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், சாதாரண பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 என்று கம்பி இழுத்து, மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சுகள் கொண்ட பலகையோடு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றையும் பொருத்துங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் குழந்தையைக் காப்பாற்றுவது அதுதான். நிலத் தொடர்பு (எர்த்) சரியாக இருக்கிறதா என்பதை மின்பணியாளர் கருவி வைத்து அளந்து காட்ட வேண்டும். ஏ.சி.யை நீங்கள் வாங்கி மாட்ட வேண்டாம். அதற்கான கம்பியும் சுவர்த் துளையும் தயாராக இருந்தாலே வாடகைதாரர் மகிழ்வார், பழுது பார்க்கும் பொறுப்பும் உங்களுக்கு வராது.

தனி வீட்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து விடுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டு உரிமையாளர்கள் அந்தச் சலுகையை வாடகைதாரரிடமிருந்து பறிக்கிறார்கள். இந்த நகரத்தில் வாடகைக்கு இருந்த எவரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை இதுதான்.

மற்ற வேலைகள்

சமையலறைக்குக் கறுப்பு கிரானைட் மேடை, ஆழமான ஸ்டீல் தொட்டி, மேடைக்கு மேல் இரண்டடி டைல்ஸ், பொருள் வைக்கப் பரண், மேடைக்குக் கீழே திறந்த அடுக்குகள் இருந்தால் போதும். மலிவான பலகையில் செய்த மாடுலர் அலமாரி தொட்டிக்கடியில் ஓராண்டிலேயே உப்பிவிடும். தரையில் பழைய மொசைக் இருந்தால் அதைப் பெயர்க்காதீர்கள். இயந்திரம் வைத்து மெருகேற்றினால் புதிய டைல்ஸைவிட நன்றாக இருக்கும், செலவும் குறையும். சுவருக்கு வெளிறிய ஒரே நிறம், எல்லா அறைக்கும் அதே நிறம். வண்ணத்தின் பெயரையும் எண்ணையும் குறித்து வைத்தால் அடுத்த முறை ஒரு சுவரை மட்டும் அடித்துக்கொள்ளலாம். எல்லா சன்னலுக்கும் கொசுவலை. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

வேலையும் வேலையாட்களும்

வேலையின் வரிசை தவறினால் செலவு இரட்டிக்கும். இடிப்பது, கூரைப் பழுது, குழாய்க்கும் கம்பிக்கும் சுவரை வெட்டுவது, பூச்சு, கழிவறை நீர்க்காப்பு, டைல்ஸ், கதவு சன்னல், முதல் கோட்டு வண்ணம், சுவிட்சும் குழாய்முனையும், கடைசிக் கோட்டு வண்ணம் என்பதே வரிசை. மேஸ்திரியிடம் "மொத்தமாக இவ்வளவு" என்று பேசாமல், ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதி வாங்குங்கள். டைல்ஸ் கூலி சதுர அடிக்கு எவ்வளவு, சுவரடியில் ஒட்டும் ஓரக்கல்லுக்குத் தனியா, இடிபாடுகளை அப்புறப்படுத்தும் வண்டிக்கூலி யாருடையது என்பதையெல்லாம் முன்பே பேசிவிட வேண்டும். இடிபாட்டு வண்டிக்காக நடக்கும் சண்டை, டைல்ஸ் விலைக்காக நடக்கும் சண்டையைவிடப் பெரியது. சிமென்ட், மணல் போன்றவற்றை அவரிடம் விட்டாலும், நீர்க்காப்புப் பொருள், குழாய், கம்பி ஆகிய மூன்றையும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுங்கள். பின்னாளில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பொருள்கள் அவை. பணத்தை வேலை முடிந்த அளவுக்கு மட்டும் கொடுத்து, கடைசிப் பத்து சதவீதத்தைக் குறை நிறை பார்த்த பிறகு கொடுக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் முன்பணம் கேட்பார்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்ப இரண்டு வாரம் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகையும் ஆள் தேர்வும்

வீடு தயாராகும் மாதத்தையும் திட்டமிட வேண்டும். பள்ளி மாறும் மே, ஜூனில் வீடு தேடுபவர்கள் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். ஆனி மாதக் கடைசியில் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தால், ஆடி முழுவதும் வீடு பூட்டியே கிடக்கக்கூடும்.

அதே தெருவில் தொங்கும் மூன்று 'டு-லெட்' பலகைகளின் எண்ணை அழைத்து வாடகை விசாரித்தால் சந்தை விலை தெரிந்துவிடும். 18,000 என்று பிடிவாதமாக நின்று ஒரு மாதம் காலியாக வைத்தால் நட்டம் 18,000. நல்ல குடும்பத்துக்கு 17,000-க்கு விட்டால் ஆண்டு நட்டம் 12,000. இந்த எளிய கணக்கைப் பலர் போடுவதில்லை. வருபவரின் வேலை, வருமானம், முந்தைய வீட்டு உரிமையாளரின் தொலைபேசி எண், எத்தனை பேர் தங்குவார்கள் என்பவற்றைக் கேளுங்கள். அடையாள ஆவண நகலை வாங்கி, காவல் நிலையத்துக்கான வாடகைதாரர் விவரப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். உணவையும் சாதியையும் கேட்டுக் கதவைச் சாத்தும் பழக்கம் இந்நகரில் பரவலாக இருக்கிறது. அது அறத்துக்கு ஒவ்வாதது என்பது ஒருபுறமிருக்க, வாடகையை ஒழுங்காகத் தருபவரை அது இனங்காட்டுவதும் இல்லை. என்னிடம் தேதி தவறாமல் வாடகை அனுப்பியவர், முன்னர் ஐந்து வீடுகளில் இந்தக் கேள்விக்காகவே மறுக்கப்பட்டவர்.

ஒப்பந்தம்

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை அரசின் இணையதளம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து பதிவெண் பெற வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை என்ற பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டு இதையும் விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. தகராறு வரும்போது வாடகை நீதிமன்றத்தில் கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் இது.

முன்பணம் பத்து மாத வாடகை என்பது சென்னையின் பழைய வழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். மூன்று மாதம் போதும் என்பதே என் கருத்து. அதிக முன்பணம் கேட்கும் வீடு அதிக நாள் காலியாக நிற்கிறது. ஒப்பந்தத்தில் வாடகைத் தேதி, ஆண்டு உயர்வு, பராமரிப்புக் கட்டணம் யாருடையது, இரு தரப்பும் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம், வீட்டில் உள்ள பொருள்களின் பட்டியல் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும்.

பழுதுகளில் எது யாருடையது என்பதைச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, கதவு சன்னல் வண்ணம், குழாய் மாற்றுவது, மின் கம்பி மாற்றுவது ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, சன்னல் கண்ணாடி, அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்வது போன்றவை வாடகைதாரருடையவை. இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்ட விரோதம். இரண்டு மாத வாடகை பாக்கியானால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வீட்டைப் பார்வையிட வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாவி இருக்கிறது என்று நுழைந்துவிடக் கூடாது.

மாதந்தோறும் செய்ய வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகமோ கணினித் தாளோ வைத்து, வாடகை வந்த தேதி, பழுது, யார் செய்தார், எவ்வளவு என்று எழுதி வாருங்கள். வாடகையை வங்கி வழியாகவே வாங்கி ரசீது கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் பழுது நிதியாகப் போட்டு வையுங்கள்; ஒருநாள் மோட்டார் எரிந்துபோகும். நம்பிக்கையான பிளம்பர், மின்பணியாளர் இருவரின் எண்ணை வாடகைதாரரிடமே கொடுத்து, 1,000 ரூபாய்வரையான பழுதை உங்களைக் கேட்காமலே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னால், உங்களுக்கும் நிம்மதி, சிறு கசிவு பெருங்கசிவாகும் முன் அடைபடவும் செய்யும். புரட்டாசி முடிவதற்குள் மாடியின் மழைநீர் வாயில்களையும் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியையும் தூர்வாருவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது ஆகிய இரண்டையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மாநகராட்சிச் சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும்.

வருமான வரி

ஆண்டு வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிஞ்சியதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கணக்கில்லாமலே கழித்துக்கொள்ளலாம். அதனால் வண்ணம் அடித்த ரசீதைக் காட்டித் தனியாகக் கழிவு கேட்க முடியாது. வாங்கவோ புதுப்பிக்கவோ கடன் பெற்றிருந்தால் அதன் வட்டியைக் கழிக்கலாம். ஆனால் வட்டியால் வரும் நட்டத்தைச் சம்பளம் போன்ற பிற வருமானத்தோடு ஈடுசெய்வது பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம்வரை மட்டுமே. புதிய முறையில் அதுவும் இல்லை. வீட்டின் தரத்தை உயர்த்திய பெரிய வேலைகளின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அவை அடக்கவிலையில் சேரும். உரிமையாளர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வசிப்பவராக வரிச் சட்டப்படி கருதப்பட்டால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகைதாரர் வரி பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும். இது தெரியாமல் குடியேறிய வாடகைதாரர் பின்னால் சிக்கலில் மாட்டுவார் என்பதால், அதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது முறை.

காலி செய்யும் நாள்

குடிவந்த நாளில் ஒவ்வொரு அறையையும் காணொளியாக எடுத்து இருவரும் வைத்திருந்தால் இந்த நாள் அரைமணி நேரத்தில் முடியும். அதே வரிசையில் அறை அறையாக நடந்து பாருங்கள். ஆணித் துளையும் அடுப்புக்கு மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் வசித்ததன் இயல்பான தடங்கள். உடைந்த கழுவுதொட்டியும் காணாமல் போன மின்விசிறியும் அப்படியல்ல. 'வண்ணத்துக்கு ஒரு மாத வாடகை' என்று யோசிக்காமல் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. வெள்ளையடிப்பு உரிமையாளர் செலவு என்று அட்டவணையே சொல்லும்போது, ஒப்பந்தத்தில் எழுதாமல் அதைப் பிடிப்பதற்கு நியாயமில்லை. மின் மீட்டரைப் படம் எடுத்து, கடைசி மின்கட்டணத்தைக் கணக்கிட்டு, கழிவுகளை ஒரு தாளில் எழுதிக் காட்டி, மீதியைத் திருப்பிக் கொடுங்கள். சட்டப்படி அதற்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தாலும், சாவியை வாங்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. அவர் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட அந்தப் பணத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார்.

அவர் போனதும், புதியவருக்கு வீட்டைக் காட்டும் முன், கழிவறை வடிகாலை மறுபடி அடைத்து இரவு முழுவதும் தண்ணீர் கட்டி விடுங்கள். காலையில் கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு 'டு-லெட்' பலகையை மாட்டலாம்.